பதினான்கு நிறுத்தம் வந்த எருமை

இரண்டு டன் எடையுள்ள கருங்கல் ஒன்று, ஒரு புதன்கிழமை காலை, தன் சிற்பக் கூடத்தைவிட்டு ஒரு பேருந்து நிறுத்தம் தள்ளி வந்து நின்றிருந்தது. சாலையில் கீறல் இல்லை; கூடத்தின் இரும்புக் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. பேருந்து ஜன்னல் வழியாகத் தன் உளித்தடத்தை அடையாளம் கண்டுகொண்ட சிற்பி அவசரமாக இறங்கினாள். "உங்க கல்லாம்மா? நிறுத்தத்துல நிக்குது, ஆனா கை காட்டலையே" என்றார் நடத்துநர்.

மூடிப்போன நூற்பாலை ஒன்றைக் கலைக்கூடமாக்கி, கலைஞர்கள் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய அறையும் கல்லும் கொடுத்திருந்தார்கள். அவளால் தங்க முடியவில்லை. நில அளவையராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான்கு மாதமாக மாடியைவிட்டு இறங்கவில்லை. கீழ்வீட்டு அக்கா இரண்டரை மணிவரைதான் பார்த்துக்கொள்வாள், பிறகு தையல் கடைக்குப் போக வேண்டும். அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, எட்டரைக்குப் பேருந்து பிடித்தால் பதினான்கு நிறுத்தம், ஒன்றே முக்கால் மணி நேரம். திரும்பவும் அவ்வளவு. உளியைப் பிடிக்க மிஞ்சியது இரண்டரை மணி நேரம். படுத்திருக்கும் எருமை ஒன்றைச் செதுக்குவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். ஒன்பது நாளில் முதுகெலும்பு ஒரு முழம்கூடத் தெரியவில்லை. "மாசக் கடைசிக்குள்ள உருவம்னு ஏதாவது தெரியணும்மா. இல்லேன்னா கல்லை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுவாங்க. என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்றார் கூடத்தின் மேலாளர். அன்று திரும்பும் வழியில், அப்பாவை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்துவிட்டதற்காக மூன்று நிறுத்தம்வரை அழுதாள். மறுநாள்தான் கல் கிளம்பியிருந்தது.

அதன்பின் அவள் வேலை முடித்துப் போன ஒவ்வொரு நாளும் கல் ஒரு நிறுத்தம் முன்னே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வராததால் அதுவும் நகரவில்லை. மருந்துக்கடை வாசலில் கழுத்து வந்தது. பெட்ரோல் பங்க் அருகே இடது கொம்பு. போக்குவரத்துக் காவலர் கல்லைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட்டு, மறுநாள் வெறும் கோட்டைப் பார்த்து, போய்விட்டதே என்று நிம்மதியடைந்தார். பயணம் குறையக் குறைய உளிக்கு நேரம் கூடியது. பள்ளிக்கூடம் இருந்த நிறுத்தத்தில் மட்டும் தலைமையாசிரியை வந்து, தேர்வு நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று கேட்டாள். சிற்பி அன்று முழுக்கக் காதுமடலைத் தேய்த்தே ஓட்டினாள்.

இருபத்தாறாம் நாள் கல் அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதற்குமேல் அது ஏறவில்லை. உளிச்சத்தம் கேட்டு அப்பா, கீழ்வீட்டு அக்கா தடுத்தும் கேளாமல், பதினேழு படிகளையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார். வேட்டியெல்லாம் தூசி. இடக்கையால் கல்லின் வயிற்றைத் தடவினார். வாய் கோணி, வார்த்தை வர நேரம் பிடித்தது.

"ரெண்டு... அங்குலம். உள்ள போகணும்."

அவள் அளந்து பார்த்தாள். சரியாக இரண்டு அங்குலம். உளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஏன்ப்பா, இவ்ளோ நாள் இறங்கச் சொன்னா கேக்கல?" என்றாள். "கீழ... என்ன இருந்துச்சு?" என்றார் அப்பா.

மாதக் கடைசியில் மேலாளர் பதினான்கு நிறுத்தம் பயணம் செய்து வந்து, எருமையை ஒருமுறை சுற்றி வந்தார். முதுகு, கழுத்து, ஒரு கொம்பு, ஒரு காது. படிவத்தில் வேலை நடக்கும் இடம் என்று அச்சிட்டிருந்த வரிக்கு எதிரே அந்த வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்திட்டார். "கல்லு எங்க இருக்கோ அதான்மா கூடம்" என்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போய்வந்தவர் அப்பாதான்: இறங்க இருபது நிமிடம், ஏற நாற்பது.