செயின்சாவுக்குச் சிலுவை

"உன் கையில என்னா நாத்தம் இது? செத்தது எதையாச்சும் தொட்டியா?"

மூன்றாம் படிவம் படித்தபோது வகுப்புத் தோழி பிரெண்டா, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். செத்தது எதையும் நான் தொடவில்லை. அது பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் மெஷினுக்குள் கிடந்து கெட்டுப்போனால் அதற்கு ஒரு புளித்த வாடை வரும், எந்தச் சோப்புக்கும் போகாது. ஆள் கூடினால் எனக்கு வாய் வராது. அந்த ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது. கிள்ளானில் அம்புரோஸ் பெரியப்பாவின் கடையில் மாலையில் மட்டும் செய்த வேலை முழுநாள் வேலையானது. புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் செயின்சா, தண்ணீர் பம்பு எல்லாம் ரிப்பேர்.

வாடை பழகிவிட்டது. பெரியப்பா பழகவில்லை. பெட்ரோல் குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவார், காறிச் சாக்கடையில் துப்பி விரலால் வாயைத் துடைப்பார், அதே விரலால் வடையைப் பிட்டு எனக்கு நீட்டுவார். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு மெஷின்மேலும் கட்டைவிரலால் சிலுவை போடுவார்.

"ஆண்டவர் கையில குடுத்தாச்சு லா. இனிமே கம்ப்ளேன்னா அங்க போய் சொல்லு" என்று வானத்தைக் காட்டிச் சிரிப்பார்.

வேலாயுதம் அங்கிள் பந்திங்கிலிருந்து வருபவர். வீடுகளில் பெரிய மரம் வெட்டும் கான்டிராக்ட். ஏணி எட்டாத இடத்துக்குக் கயிற்றில் ஏறுவார். கிளை மாறும்போது செயின்சாவை அணைக்காமலே இடுப்புப் பெல்ட்டில் தொங்கவிடுவார், அது தொடையோடு ஒட்டி ஆடும். போன வாரம் அதை முழுசாகப் பிரித்துக் கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காப்பரேட்டரை நான்தான் கழற்றினேன். உள்ளே பச்சைப் பிசின், வலையில் மரத்தூள், டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு காய்ந்து விறைத்திருந்தது. கழுவி, ஊசியும் டயாபிரமும் புதிதாகப் போட்டுப் பூட்டினேன். இன்ஜின் சீராக உறுமியது. விசையை விட்டதும் சங்கிலி அப்படியே நின்றது.

"நல்லா இருக்கா? கழட்டு" என்றார் பெரியப்பா. பிளாஸ்டிக் பாக்கெட்டிலிருந்து ஒரு மலிவான காப்பரேட்டரை எடுத்து மேசையில் போட்டார். "இத மாட்டு. ஒரிஜினல செராஸ்ல ஒருத்தன் நல்ல விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

நான் நகரவில்லை. அவரே மாட்டினார். விசையை விட்ட பிறகும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. வேகத் திருகாணியைக் குறைத்தால் இன்ஜின் செத்தது, கூட்டினால் சங்கிலி ஓடியது.

"பெரியப்பா, செயின் நிக்கல."

"சூடானா சரியாயிடும். உன்ன யாரு கேட்டா?"

கழற்றியதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை நீட்டிச் சிலுவை போட்டார். வடை விரல், எச்சில் விரல், அதே விரல்.

மறுநாள் காலை வேலாயுதம் அங்கிள் வந்தார். "சுபாங் ஜெயாவுல பெரிய அங்சானா மரம் பாஸ். கிளை எல்லாம் வீட்டுக் கூரை மேல. இன்னிக்கே ஏறணும்."

"இத வச்சு காட்டையே வெட்டலாம்ணே!"

பெரியப்பா செயின்சாவைச் சிமெண்டுத் தரையில் வைத்து, காலால் மிதித்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். இழுக்கும் முன்பே முன்பக்கத் தடுப்பை முன்னால் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். அது பிரேக். அதைப் போட்டுவிட்டால் எந்தச் சங்கிலியும் ஓடாது.

"பாத்தீங்களா? கையெடுத்தா கல்லு மாதிரி நிக்குது."

உள்ளே கிளட்ச் தேய்ந்து கருகும் வாடை வந்தது. அங்கிள் திருப்தியாகத் தலையாட்டினார். என் கண் தானாக அவர் தொடைக்குப் போனது. சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. குனிந்து தடுப்பைப் பின்னால் இழுத்தேன்.

விசையை யாரும் தொடவில்லை. சங்கிலி ஓடத் தொடங்கியது.

"ஏய்! கைய எடு!" பெரியப்பா இன்ஜினை அணைத்தார். அங்கிள் சங்கிலியையே பார்த்தார். நான் பெரியப்பாவின் சட்டைப் பையைக் காட்டினேன். நேற்றுப் போட்ட அதே சட்டை, துணியில் பெட்ரோல் கறை பரவியிருந்தது.

"அதுல என்னா?" என்றார் அங்கிள்.

"உங்களோட காப்பரேட்டர் அங்கிள்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பெரியப்பா சிரித்தார். உடனே, தயங்காமல் சிரித்தார். "பாருங்கண்ணே, சின்னப் புள்ள, மாத்தி மாட்டிடுச்சு. இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைங்கள மெஷின்ல விடக்கூடாதுங்கிறது. ஷார்மைன், அங்கிள்கிட்ட சாரி சொல்லு."

சாக்கடையில் துப்பினால்கூடப் பரவாயில்லை, என் முகத்தில் துப்பியது போல இருந்தது. நான் சாரி சொல்லவில்லை.

அங்கிள் கையை நீட்டினார். பெரியப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கிள் அதை அப்படியே என்னிடம் நீட்டினார். பெரியப்பா ஸ்குரூடிரைவரைத் தேடி வந்தபோது, "பாப்பா மாட்டட்டும்" என்றார் அங்கிள்.

அவர் பக்கத்திலேயே நின்று பார்க்க, இரண்டு நட்டு, குழாய், விசைக்கம்பி என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். அங்கிளே கயிற்றை இழுத்தார். விசையை அழுத்தி விட்டார். சங்கிலி நின்றது. இன்னொரு முறை பார்த்தார். நின்றது.

"அவ்ளோதான்ணே, முடிஞ்சுது லா!" பெரியப்பா பழக்கத்தில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

வேலாயுதம் அங்கிள் செயின்சாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரல் காற்றில் நின்றது. அவர் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு செயின்சாவைத் தூக்கிக்கொண்டு லோரியை நோக்கி நடந்தார்.