ஓடர் ஆற்றின் இந்தக் கரை

அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்காகத்தான் ஸ்ரீவித்யா பெர்லினிலிருந்து பெங்களூர் மல்லேஸ்வரத்துக்கு வந்திருந்தாள். மத்தியானம் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது போன் அடித்தது. மகள் தன்வி.

"அம்மா, என்னோட ரெசிடென்ஸ் கார்டு எங்க? பார்டர்ல பஸ்ஸை நிறுத்திட்டாங்க. பாஸ்போர்ட் மட்டும் போதாதாம்."

பதினோராம் வகுப்புப் படிக்கும் தன்வி அன்று காலைதான் பள்ளித் தோழர்களோடு போலந்துக்குக் கிளம்பியிருந்தாள். ஜெர்மன் பள்ளியும் போலந்துப் பள்ளியும் சேர்ந்து நடத்தும் பரிமாற்றப் பயணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து எல்லைக்கோடு நகர்ந்தபோது வீட்டை இழந்த இரு தரப்புக் குடும்பங்களின் கதைகளையும் பிள்ளைகள் ஒன்றாகத் தேடி எழுத வேண்டும். கடைசி நாள் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் போலிஷ் மொழியில் பேசத் தன்வியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குளிக்கும்போதுகூட அந்தப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

"உன் பர்ஸ்ல பாரு கண்ணா."

"பார்த்துட்டேன். நீதானம்மா வச்சிருந்த?"

ஸ்ரீவித்யா ஓடிப்போய்க் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஜெர்மனியில் தங்க அனுமதி தரும் அவளுடைய கார்டோடு ஒட்டிக்கொண்டு மகளுடையதும் விழுந்தது. பிள்ளை தொலைத்துவிடுவாள் என்று இவளே வாங்கிப் பத்திரப்படுத்தியது.

வீடியோவில் அழைத்தாள். ஆசிரியர் ஹெர்பர்ட் போனைக் காவலரிடம் திருப்பினார். இரண்டு கைகளாலும் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் கெஞ்சினாள். தப்பு என்னுடையது, குழந்தை என்ன செய்வாள், நன்றாகப் பாருங்கள், அவள் முகம்தானே. காவலர் இளைஞர், கடுமையாகப் பேசவில்லை. அசல் வேண்டும் என்று மட்டும் சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கணவன் சுதீர் பெங்களூருக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் போன் அணைந்திருக்கும் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"சுஹாஸ், வண்டியை எடு. ஏர்போர்ட் போலாம். யார் காலையாவது பிடிச்சுக் கொடுத்தனுப்பறேன்."

"அக்கா, எந்த ஃப்ளைட் பிடிச்சாலும் நாளைக்குத்தான் போய்ச் சேரும். அதுவரைக்கும் அவ பார்டர்லயே நிப்பாளா?" என்றான் தம்பி.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி போன்.

"பஸ் போயிடுச்சும்மா. ஹெர்பர்ட் சார் மட்டும் என்கூட இருக்கார். எல்லார்கிட்டயும் பேப்பர் கேட்டாங்க. என்னை மட்டும் இறக்கிட்டாங்க." அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் உடைந்தது. "நீ ஏம்மா அதை எடுத்துட்டுப் போன?"



இங்கே இருட்டத் தொடங்கியபோது தன்வியே வீடியோவில் வந்தாள். எல்லையாக ஓடும் ஓடர் ஆற்றின் ஜெர்மன் கரையில் ஒரு பெஞ்ச். பக்கத்தில் போலந்துப் பள்ளி மாணவி ஸோஃபியா. அவள் வீட்டில்தான் தன்வி தங்குவதாக இருந்தது. விஷயம் தெரிந்ததும் தன் அப்பாவின் காரில் வந்து, பாலத்தை நடந்தே கடந்திருக்கிறாள்.

"அவ ஐடியை நீட்டினா, உடனே விட்டுட்டாங்கம்மா."

ஸோஃபியா கையசைத்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

"அப்பா வந்து இறங்கினதும் அடுத்த ஃப்ளைட்லயே கார்டோட திருப்பி அனுப்பறேன்டா. கடைசி நாளைக்காவது நீ போயிடலாம்."

"வேண்டாம்மா."

"எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்ச கண்ணா..."

"நான் போகல. அந்தப் பாலத்துக்கிட்ட மறுபடி என்னால நிக்க முடியாது."

சுதீர் வந்த கையோடு திரும்பிப் போனான். கார்டு போய்ச் சேர்ந்தது. தன்வி போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய பேச்சை ஸோஃபியா படித்த வீடியோவை ஹெர்பர்ட் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்தாயா என்று மகளிடம் கேட்க ஸ்ரீவித்யாவுக்குத் தைரியம் வரவில்லை.