ராணுவ அலுவலகத்துக்கு எதிரே ஒரு சலூன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எதிரிநாட்டு அதிகாரிகளின் கழுத்தில் தினமும் கத்தி வைத்த மாபெரும் உளவாளி நான்தான். வைத்துச் சவரம் செய்தேன், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இந்த உளவுத் தொழிலில் இருந்தவர்கள் பூ விற்றார்கள், குடை ரிப்பேர் பார்த்தார்கள், பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது சலூன், ராணுவ அலுவலகத்துக்கு நேர் எதிரே. முடி வெட்டுகிறவனிடம் எவனும் வாய் திறப்பான் என்று மேலிடம் ஆறு மாதம் முடி வெட்டப் பயிற்சி கொடுத்தது. வகுப்பில் நான்தான் முதல். அங்கேதான் வினை.

தளவாட அதிகாரி சனிக்கிழமை தவறாமல் வருவார். துண்டைப் போர்த்தி, தலையில் இரண்டு விரல் வைத்ததும் குறட்டை. மூன்று வருடத்தில் நான் கறந்த ரகசியம், அவர் இடப்பக்கம் சாய்ந்து தூங்குவார் என்பது. இரண்டு தெரு தள்ளி, தொழில் தெரியாத ஒரு அரைகுறை சலூன் வைத்திருந்தான். காது போய்விடுமோ என்ற பயத்தில் அங்கே எல்லோரும் விழித்திருந்து பேசித் தள்ளினார்களாம்.

மேலிடத்து ஆள் வந்தார். ஊருக்கு அவர் என் மச்சான்.

"மாப்ளே, நீ அனுப்பின அறிக்கைல அந்தாளோட பொடுகைத் தவிர ஒண்ணும் இல்லையே."

"பொடுகு கூடினா டென்ஷன்ல இருக்கார்னு அர்த்தம், மச்சான்."

"குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கியே."

"அது நம்ம எண்ணெய்."

"சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தையாவது வரணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு. பழையபடி ஃபைல் ரூம்ல ஸ்டாம்ப் குத்து."

பதினோரு வருடம் குத்தியவன் நான். ஜன்னல் இல்லாத அறை. பேச்சுத்துணைக்குக் கரையான்.

சனிக்கிழமை அதிகாரி உட்கார்ந்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மொட்டைக் கத்திரியால் முடியை வெடுக்கென்று இழுத்தேன். விழித்துக்கொண்டார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

"என்னப்பா, உன் கை இப்படி இருக்காதே. ஏதாவது மனக்கஷ்டமா?"

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கத்திரியைக் கீழே வைத்தேன். ஃபைல் ரூமில் ஆரம்பித்து, மச்சான் உண்மையில் மச்சானே இல்லை என்பதுவரை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை.

"கவலைப்படாதே. அவர்கிட்ட நான் பேசறேன். விலாசம் சொல்லு."

சொன்னேன்.

இப்போது சிறையில் எல்லோருக்கும் நான்தான் முடி வெட்டுகிறேன். மச்சானுக்கும்.