பெருநாள் வாழ்த்துக்குப் பதில்

ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து ஹயாத் பாஷாவைக் கட்டிப்பிடித்தார்கள். "ஈத் முபாரக்" என்றவர்களுக்கெல்லாம் "கைர் முபாரக்" என்றார். சிலர் காதோரம், "நடந்தத மறந்துடு பாஷா, உம்மேல இன்னா தப்பு?" என்றார்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது அவர் ஓட்டிவந்த ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. அவருக்குத் தோள்பட்டை முறிந்தது. பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த சுமைதூக்கி கண்ணாயிரம் அங்கேயே செத்துப்போனான். காட்டுப்பன்றி குறுக்கே ஓடியதாகப் பாஷா போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கண்ணாயிரத்தின் மனைவி அமிர்தம் வாசலில் நின்றிருந்தாள். கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"பெருநாள் வாழ்த்துங்க பாய்."

பாஷா குனிந்து செருப்பைக் கழற்றினார். அவர் மனைவி நூர்ஜகான்தான் அமிர்தத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாள்.

"எட்டு வருசமா பெருநாளுக்கு அவரு வந்து வாழ்த்து சொல்லிக்கினு இருந்தாரு. யாரும் வரலன்னா, நாங்க கோவமா கீறோம்னு நெனச்சிப்பீங்களேன்னு வந்தேன். பன்னி வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அமிர்தம்.

"பன்னி வரல" என்றார் பாஷா.

நூர்ஜகான் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"பிரேக் புடிக்கலம்மா. ஒரு வாரமாவே சரியில்ல. பாத்துட்டு எடுக்கலாம் பாய்னு கண்ணாயிரம் சொன்னான். நோம்பு வர்றதுக்குள்ள இன்னும் நாலு நடை போயிடலாம்னு நான்தான் கேக்கல."

"அவரே சொன்னாரா?"

"சொன்னான்."

அமிர்தம் எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

ஒருநாளும் அவள் அவரை அப்படி ஒருமையில் பேசியதில்லை.

"சொல்றேன்."

"பெருநாளும் அதுவுமா..." என்று நூர்ஜகான் அழத் தொடங்கினாள். பாஷா புதுச்சட்டையோடு அப்படியே கிளம்பினார். அமிர்தம் பத்தடி முன்னால் நடந்தாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஈத் முபாரக் பாய்! பிரியாணி எங்க?"

"நன்றிங்க சார்," என்றார் பாஷா. "பன்னின்னு எழுதிக் குடுத்தது பொய்ங்க. அத மாத்தணும்."

ஏட்டு உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். பாஷா கையெழுத்துப் போடும்வரை அமிர்தம் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். போட்டது தெரிந்ததும், எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.