காட்டேரிக்கு ஒரு செம்பு தண்ணீர்

ஜெகதாப்பட்டினத்தில், பவுசியா வீட்டுக் கூடத்தில், ஆறு மாதமாக நாங்கள் பகடை உருட்டி ஆடிவந்த கதை விளையாட்டு அன்று மதியம் முடிய வேண்டும். கதையை நடத்துபவள் ரிஃபானா. வில்லனான ரத்தக்காட்டேரிக்காகப் பேசுபவளும் அவளே. நானும் பவுசியாவும் அவனைக் கொல்ல வந்த வீரர்கள். வீட்டில் இருப்பவர் அழைக்காமல் காட்டேரியால் உள்ளே வர முடியாது என்பது விதி. கதையில் விடியும்வரை நாங்கள் வாய் திறக்காமல் இருந்தால் போதும், வெயிலில் எரிந்துபோவான்.

ரிஃபானா எழுந்துபோய் நிஜ வாசலிலேயே நின்றாள். “ரொம்ப தூரம் நடந்து வாரேன். கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?”

“உள்ள வாங்க,” என்றாள் பவுசியா. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒனக்கு அறிவிருக்காடி? ஆறு மாசமும் போச்சு!”

ரிஃபானா வந்து உட்கார்ந்தாள். பவுசியா நிஜமாகவே ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காட்டேரி குடிக்கத் தொடங்கினான். இதுதான் சமயமென்று நான் பகடையை எடுத்தேன்.

“நெஞ்சுல ஈட்டிய எறக்குறேன்.”

“பொறுடி, குடிச்சு முடிக்கட்டும்,” என்றாள் பவுசியா.

நான் பொறுக்கவில்லை. உருட்டினேன். அந்தப் பகடையின் குறி தப்பாத உச்ச எண்ணான இருபது, இத்தனை நாள் எனக்கு விழாத இருபது, விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. ரிஃபானா செம்பைக் கீழே வைத்தாள். அதில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.