சோப்பு நுரையில் ஒரு குமிழி

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் அடுப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெலிடாவுக்கு வேலை. கேஸ் குழாயின் மூட்டில் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு. யார் முணுமுணுத்தாலும் அந்த அடுப்பை ஒதுக்கிவிடுவாள். அவ்வளவு பிடிவாதம்.

இடைவேளையில் மாத்தே என்ற இலைத் தேநீர்; ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், எல்லோருக்கும் சுற்றி வரும். வெந்நீர் ஊற்றிக் கொடுப்பவள் நெலிடா. முதல் ஆட்குறைப்பில் அந்த வட்டம் பாதியானது. 'இதோடு முடிந்தது' என்றது நிர்வாகம். அடுத்த முறையும் அதையேதான் சொன்னது. பிறகு அவரவர் தனிக் குடுவை கொண்டுவந்து, சுவரைப் பார்த்துக் குடிக்கத் தொடங்கினார்கள். நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ, யாரோடு ஒட்டுவது? நெலிடாவின் குடுவைக்கு மிஞ்சியவர் ரொஹேலியோ ஒருவர்தான். அவள் ஒதுக்குகிற அடுப்புகளைச் சரிசெய்பவர்.

"இந்தா கிழவா, குடி."

அன்று ரொஹேலியோ உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். "நன்றி தாயி."

மாத்தே குடிக்கையில் நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஒரு முறை குடித்ததோடு எழுந்துபோகிற ஆளே இல்லை அவர்.

"என்ன, வயிறு சரியில்லையா?"

"ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இன்னையோட சரி. என் பங்கையும் நீயே குடி, குண்டாயிடாத."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பிற்பகலில் ஒரு மூட்டில் சின்னக் குமிழி எழுந்தது. பழக்கத்தில் கை அடுப்பை ஒதுக்கப் போனது. ரொஹேலியோவின் மேசை காலியாகக் கிடந்தது. யாரும் மிரட்டவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. உயிரைக் கொடுத்து உழைத்தவரையும் அனுப்பிவிட்டார்கள், ஏமாற்றித் திரிந்தவரையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு யாருக்காக? துணியால் நுரையைத் துடைத்துவிட்டு அடுப்பை நல்ல அடுப்புகளோடு முன்னால் தள்ளினாள். அடுத்த குமிழிக்குக் கை தயங்கக்கூட இல்லை.

வீட்டில் மகள் சப்ரினா காத்திருந்தாள். அவளுக்கும் லௌதாரோவுக்கும் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்க கம்பெனி அடுப்புதான் வாங்கப்போறோம். உங்கம்மா கை பட்டதுன்னா பயமில்லன்னு லௌதாரோ சொல்றான்."

"வேண்டாம். வேற கம்பெனி பாரு."

"ஏன்? நம்ம அடுப்பு மாதிரி வராதுன்னு ஊரெல்லாம் பீத்திக்குவியே?"

நெலிடா வெந்நீர் வைக்க எழுந்தாள். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, தன் வீட்டு அடுப்பின் மூட்டில் தடவினாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். குமிழி இல்லை.

அது மாத்தே வட்டம் பெரிதாக இருந்த காலத்து அடுப்பு.