'பர்ஸோன்' என்றாள் சாட்சி

“மேனேஜர்கிட்ட எப்போ சொன்னே?”

சாட்சிக் கூண்டில் நின்ற ஷாஹீன் பேகத்தைப் பார்த்து இந்தியில் கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல் சீதாராமன்.

“பர்ஸோன் சாப்.”

சீதாராமனின் முகம் மலர்ந்தது. “பர்ஸோன்னா நேத்திக்கு முந்தின நாள். யுவர் ஆனர், தயவுசெய்து குறிச்சுக்கணும்.”

கம்மம் பக்கத்துக்காரரான நீதிபதி ஹைதராபாத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ‘முந்தாநாள்’ என்றே டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார்.

“ஃபேக்டரி வெடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தம்மா முந்தாநாள்தான் போய் எச்சரிக்கை பண்ணினாங்களாம். வேற கேள்வி இல்லை!”

அரசுத் தரப்பு நாற்காலியில் இருந்த ரோகிணிக்குச் சுருக்கென்றது. பப்ளிக் பிராசிக்யூட்டர். இருபத்து மூன்று வருட சர்வீஸ். சங்கிலிப் பறிப்பு வழக்கில் தொடங்கி கொலை வழக்கு வரை வந்தவள். பல்டி அடித்த சாட்சிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்லியே மாட்டிக்கொண்ட சாட்சி இவள்தான்.

மல்லாபூரில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரி. பாய்லர் வால்வு வெடித்து ஷாஹீனின் தம்பி இறந்துபோனான். தம்பிதான் தப்பாக வால்வைத் திறந்தான், கவனக்குறைவு என்று கை கழுவினார் மேனேஜர் ஜகதீசன். வால்வு கசிவதை மூன்று நாள் முன்பே ஜகதீசனிடம் சொன்னதாக, அங்கேயே பேக்கிங்கில் வேலை செய்த ஷாஹீன் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தாள். வழக்குக்கு இருந்த ஒரே தூண் அது. அது விழுந்தால் ஜகதீசன் வீட்டுக்குப் போவார், பழி செத்தவன் தலையிலேயே நிற்கும்.

கோர்ட் மதிய இடைவேளைக்குக் கலைந்தது. வராந்தாவில் சீதாராமன் டிபன் கேரியரோடு எதிரே வந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஹைதராபாத்துக்கு வந்து நாலு வருடம்.

“என்னங்க மேடம், உங்க சாட்சி இப்படிக் கவுத்துட்டாங்களே! நானெல்லாம் இந்தி பிரசார சபாவுல பிரவீண் வரைக்கும் பாஸ் பண்ணினவனுங்க.”

“தெரியுது சார். பரீட்சை இந்தி நல்லாவே வருது.”

“பொறாமையா இருக்குதுங்களா?”

“சாப்பிடுங்க சார், ஆறிடும். ரீ-எக்ஸாமினேஷன் இன்னும் பாக்கி இருக்கு.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, ரோகிணி மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு டிஃபென்ஸ் லேபில் வேலை. இங்கேயே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இந்த ஊரில் ‘பர்ஸோன்’ என்றால் முந்தாநாளும் ஆகலாம், முன்னொரு காலமும் ஆகலாம். போன வாரம் ஷாஹீனோடு பேசியபோது அவள் அந்த வார்த்தையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ரோகிணியின் ஹைதராபாத் காதுக்கு அது உறுத்தவே இல்லை!

ஷாஹீன் கண்ணைத் துடைத்தபடி ஓடி வந்தாள். “கைக்கு மேடம், ஏன்? வக்கீல் சாப் ஏன் அப்படிச் சிரிச்சார்? நான் என்ன தப்பா சொன்னேன்?”

ஒரே ஒரு வரி காதில் போட்டால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“நக்கோ, வேண்டாம் ஷாஹீன். சாட்சி முடியற வரைக்கும் நாம இதைப் பேசக்கூடாது. போய் ஏதாவது சாப்பிடு.”

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். தன் கேஸ் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, எதிர்த்தரப்பு தாக்கல் செய்த கட்டைப் பிரித்தாள். எதிராளியின் காகிதத்தை எதிராளியைவிட அதிகமாகப் படிப்பது அவளுடைய பழக்கம். பதினேழாவது பக்கத்தில் விரல் நின்றது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

இரண்டரை மணி. ரோகிணியின் மறுவிசாரணை.

“ஷாஹீன், உங்க கல்யாணம் எப்போ நடந்துச்சு?”

“பர்ஸோன்ச் மேடம், பர்ஸோன்தான்.”

“குழந்தைங்க?”

“ரெண்டு. பெரியவ அஞ்சாவது படிக்கிறா.”

முதலில் சிரித்தது ஊர்க்காரரான டைப்பிஸ்ட். பின்னாலேயே கோர்ட் முழுக்கச் சிரித்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

சீதாராமன் எழுந்தார். “யுவர் ஆனர், இந்தம்மாவுக்கு நாள் கணக்கே தெரியாதுங்கறதுதான் இதுல நிரூபணம் ஆகுது. அப்புறம் அந்த மூணு நாளை மட்டும் எப்படி நம்பறது?”

நியாயமான அடி. ரோகிணி அசரவில்லை.

“மேனேஜர்கிட்ட வால்வு பத்திச் சொன்ன அன்னிக்கு வேற என்ன நடந்தது, ஷாஹீன்?”

“ரமலான் முதல் நோன்பு மேடம். வால்வு கசியுது, கேஸ் நெடி தாங்கலைன்னு சொன்னேன். ‘அதை நான் பாத்துக்கறேன், நீ நோன்பு திறக்கப் போ’ன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே அனுப்பிட்டார்.”

“அவரே நேர்ல சொன்னாரா?”

“ஹவ் மேடம், அவரேதான். கேட் வரைக்கும் வந்தார்.”

ரோகிணி ஒரு தாளை நீட்டினாள். “எதிர்த்தரப்பே தாக்கல் செஞ்ச ஆவணம், யுவர் ஆனர். மேனேஜர் தொழிலாளிகள்கிட்ட எவ்வளவு இரக்கமானவர்னு காட்ட என் நண்பர் சீதாராமன் கொடுத்தது.”

நீதிபதி வாய்விட்டுப் படித்தார். ‘இன்று ரமலானின் முதல் நோன்பு என்பதால் பேக்கிங் பிரிவு ஷாஹீன் பேகம் உட்பட நால்வரை நானே நேரில் அனுமதித்து முன்கூட்டி அனுப்பினேன்.’ கீழே ஜகதீசனின் கையெழுத்தும் தேதியும். வெடிப்புக்குச் சரியாக மூன்று நாள் முன்பு.

ஜகதீசன் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.

“சாட்சி சொன்ன வார்த்தையை அப்படியே டைப் பண்ணுங்க,” என்றார் நீதிபதி. “மொழிபெயர்க்க வேண்டாம்.”

ஒரு மாதத்தில் தீர்ப்பு. எச்சரித்தும் பாய்லரை ஓடவிட்டது நிரூபணம், ஜகதீசன் குற்றவாளி. தண்டனை எத்தனை வருடம் என்பதில் ஷாஹீனுக்கு அக்கறை இல்லை.

“தம்பி மேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்கா மேடம்?”

“முப்பத்தோராம் பக்கம். ‘இறந்த தொழிலாளியின் கவனக்குறைவு எதுவும் இல்லை.’”

“அந்த ஒரு பக்கம் எனக்குக் கிடைக்குமா? அம்மாகிட்ட காட்டணும்.”

நகல் பிரிவு ஜன்னலில் நீண்ட க்யூ. பியூனை அனுப்பலாம். ரோகிணி கறுப்பு கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, பதினாலாவது ஆளாகப் போய் நின்றாள்.